கேட்க முடியாமல் போன கேள்விகள்: அயர்லாந்தின் வெளியுறவு அமைச்சரும் வடக்கின் சிறுபான்மையும்

அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்கு டாயில் என்று பெயர். அங்கே வெளியுறவு அமைச்சரின் கேள்வி நேரப் பதிவுகளைப் புரட்டினால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். உங்கள் துறையில் எத்தனை பணியிடம் காலி, எந்தெந்தத் தூதரகத்தில் ஆள் பற்றாக்குறை என்று ஓர் உறுப்பினர் கேட்பார். லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் இருக்கும் நம் வீரர்களின் பாதுகாப்புக்கு என்ன செய்தீர்கள் என்பார் அடுத்தவர். பெல்ஃபாஸ்டில் அதிகாரப் பகிர்வு ஆட்சி எப்போது திரும்பும் என்று மூன்றாமவர் கேட்பார். 2020 முதல் வெளியுறவும் பாதுகாப்பும் ஒரே அமைச்சரிடம் இருப்பதால் படைவீரர் பற்றிய கேள்வி அவரிடம் வருவது புரிகிறது. பெல்ஃபாஸ்ட் எப்படி வந்தது? அது பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட வடக்கு அயர்லாந்தின் தலைநகர். அந்த ஊர் ஆட்சிக்கு இன்னொரு நாட்டின் வெளியுறவு அமைச்சர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. பதில் தேடிப் போன நாங்கள் வந்து சேர்ந்த இடம் வேறு. தங்கள் மீது நடக்கும் பாகுபாட்டைப் பற்றி எந்தச் சபையிலும் பயனுள்ள ஒரு கேள்வியை எழுப்ப முடியாமல் ஐம்பது ஆண்டுக்கும் மேல் இருந்த மக்களின் வரலாறு அது. தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஊர்ப் பெயர்கள் புதியவை. உள்ளே இருக்கும் சங்கதி நமக்குப் புதிதல்ல.

1921இல் அயர்லாந்து இரண்டாக வெட்டப்பட்டது. தெற்கில் கத்தோலிக்கர் பெரும்பான்மை. அது பிறகு சுதந்திர நாடானது. வடகிழக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்கே சுமார் மூன்றில் இரண்டு பங்கு புராட்டஸ்டன்ட் மக்கள், மீதி கத்தோலிக்கர். ஸ்டோர்மோண்ட் என்ற பெயரில் வழங்கிய தனி நாடாளுமன்றமும் அங்கே அமைந்தது. 1972 வரை ஒரே கட்சிதான் அதை ஆண்டது. பிரிட்டனோடு இணைந்திருப்பதே கொள்கையாகக் கொண்ட யூனியனிஸ்ட் கட்சி அது. சிறுபான்மைக்கு ஓரளவு இடம் கொடுத்த விகிதாசாரத் தேர்தல் முறையை 1922இல் உள்ளாட்சிகளிலும் 1929இல் நாடாளுமன்றத் தேர்தலிலும் அது ஒழித்துக் கட்டியது.

சரி, லண்டனில் முறையிடலாமே? 1923இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற சபாநாயகர் ஒரு தீர்ப்பு சொன்னார். வடக்கு அயர்லாந்து அரசிடம் ஒப்படைக்கப்பட்ட விஷயங்களைப் பற்றி லண்டன் சபையில் கேள்வி கேட்கக் கூடாது, அங்கேயே போய்க் கேளுங்கள் என்பதே அதன் சாரம். வீடு, வேலை, போலீஸ், உள்ளாட்சித் தேர்தல் எல்லாமே ஒப்படைக்கப்பட்ட விஷயங்கள். அங்கே கேட்டால் பெரும்பான்மை சிரிக்கும், இங்கே கேட்டால் சபாநாயகர் நிறுத்துவார். நம் நாடாளுமன்றத்தில் ஒரு வன்கொடுமையைப் பற்றிக் கேள்வி வந்தால், காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்று பதில் தொடங்குமே, அந்த வாக்கியத்தின் அண்ணன் இந்தத் தீர்ப்பு.

கேட்க முடியாமல் போன கேள்விகளுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க டெர்ரி நகருக்குப் போக வேண்டும். 1967 நிலவரப்படி அந்நகரில் உள்ளாட்சி வாக்காளர்களில் கத்தோலிக்கர் 14,429 பேர், மற்றவர்கள் 8,781 பேர். மாநகராட்சியில் 20 இடங்கள். யார் கைக்கு எத்தனை போயிருக்கும்? யூனியனிஸ்டுகளுக்கு 12, எதிர்த்தரப்புக்கு 8. கத்தோலிக்கரில் பெரும்பகுதியினரை, 10,047 பேரை, தெற்கு வார்டு ஒன்றுக்குள் அடைத்து அதற்கு 8 இடம் கொடுத்தார்கள். மற்ற இரண்டு வார்டுகளிலும் புராட்டஸ்டன்ட் வாக்காளர் கூடுதலாக இருக்கும்படி எல்லையை வளைத்து அவற்றுக்கு 8, 4 என்று இடம் ஒதுக்கினார்கள். சேரியைத் துண்டுபோட்டு நான்கு வார்டில் கரைப்பது ஒரு வித்தை, மொத்தமாக ஒரே வார்டில் அடைப்பது இன்னொரு வித்தை. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. நம்மூர் வார்டு மறுவரையறை வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் இன்னொரு பூட்டு. வீட்டுக்கு உரிய குடும்பத் தலைவருக்கும் அவர் துணைக்கும் மட்டுமே உள்ளாட்சியில் ஓட்டு. உள்வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை, பெற்றோர் வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் இல்லை. நிறுவனம் வைத்திருப்பவருக்கோ கூடுதல் ஓட்டு. ஆகவே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அரசு வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டு கொடுத்த கணக்கு. வார்டுக் கணக்கு கெட்டுவிடும் என்பதற்காகவே வீடு மறுத்தார்கள். 1968 ஜூனில் கேலடன் என்ற சிற்றூரில், குழந்தை குட்டியோடு காத்திருந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாண்டி, திருமணமாகாத 19 வயது புராட்டஸ்டன்ட் பெண்ணுக்கு ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. உள்ளூர் யூனியனிஸ்ட் அரசியல்வாதி ஒருவரின் செயலாளர் அவர். ஸ்டோர்மோண்ட் உறுப்பினர் ஆஸ்டின் கரி அதைச் சபையில் எழுப்பிப் பார்த்தார். பலன் இல்லை. நேரே போய் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்து தூக்கி வெளியே போட்டது. அந்தக் கோடையில் தொடங்கிய நடைப்பயணம் அக்டோபர் 5 அன்று டெர்ரியில் தடியடி வாங்கியது. தொலைக்காட்சி வழியே உலகம் அதைப் பார்த்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அதே கறுப்பின மக்களிடமிருந்து நான்கு ஆண்டு கழித்துப் பம்பாயில் நம் இளைஞர்கள் சிறுத்தைகள் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது வெளியுறவு அமைச்சர் மேடைக்கு வருகிறார். 1969 ஆகஸ்டில் டெர்ரியும் பெல்ஃபாஸ்டும் எரிந்தன. கத்தோலிக்கத் தெருக்கள் கொளுத்தப்பட்டன. டப்ளினின் அமைச்சர் பேட்ரிக் ஹில்லரி லண்டனுக்கு ஓடினார். ஐ.நா. அமைதிப்படையை அனுப்புங்கள், இல்லையென்றால் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்த படை வரட்டும் என்றார். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 20 அன்று நியூயார்க்கில் பாதுகாப்பு சபைக்கே போனார். பிரிட்டனின் பிரதிநிதி அங்கேயும் அதையே சொன்னார். விஷயத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு கூட நடக்கவில்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

உள்நாட்டு விவகாரம். இந்த இரண்டு சொற்களை நாம் 2001இல் டர்பனில் கேட்டோம். இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. சாதி என்பது இனம் அல்ல, அதை இங்கே பேச முடியாது என்று இந்திய அரசு மறித்தது. வெளியுறவுத் துறை என்பது எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய மனிதர்களின் விவகாரம் என்று நினைக்கும் தோழர்களுக்காகச் சொல்கிறோம். சேரியில் நடப்பது உலகத்தின் காதில் விழலாமா என்பதைத் தீர்மானிக்கும் அலுவலகங்களில் அதுவும் ஒன்று.

ஹில்லரி ஐ.நா. படையைக் கேட்டதற்குப் பின்னணி உண்டு. அயர்லாந்து 1955இல்தான் ஐ.நா. உறுப்பினரானது. 1958இல் லெபனானுக்குப் பார்வையாளர்களை அனுப்பியது, 1960இல் காங்கோவுக்குப் படையை அனுப்பியது. அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று நியெம்பா என்ற இடத்தில் நடந்த தாக்குதலில் அது 9 வீரர்களை இழந்தது. சின்ன நாடு, தன் பிள்ளைகளை ஊருக்குப் பாதுகாப்பாக அனுப்பும் நாடு என்ற மதிப்பு அதற்கு இருந்தது. தன் வாசலில் தீ எரிந்தபோது அந்தப் படை வரவில்லை.

பிரிட்டிஷ் ராணுவம்தான் வந்தது. முதல் நாட்களில் கத்தோலிக்கப் பெண்கள் அந்தச் சிப்பாய்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளூர்ப் போலீசைவிட இவர்கள் மேல் என்ற நம்பிக்கை. இரண்டரை ஆண்டு கழித்து, 1972 ஜனவரி 30 ஞாயிற்றுக்கிழமை, டெர்ரியில் குடியுரிமைப் பேரணியில் வந்தவர்கள் மீது அதே ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள், காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார். சுடப்பட்டவர்களில் சிலர் ஆயுதம் கையாண்டிருக்கலாம் என்று முதல் விசாரணை ராணுவத்துக்குச் சாதகமாகப் பேசியது. அவர்கள் யாருக்கும் ஆபத்து விளைவிக்கவில்லை என்று சாவில் விசாரணை அறிக்கை சொல்ல 2010 ஆயிற்று. 38 ஆண்டுகள். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேரைப் பறிகொடுத்து, அதற்கு வந்த விசாரணை அறிக்கையையும் படித்த நமக்கு அந்தக் குடும்பங்களின் 38 ஆண்டு எப்படிக் கழிந்திருக்கும் என்று தெரியும்.

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்டோர்மோண்ட் முடக்கப்பட்டது. 1973 டிசம்பரில் சன்னிங்டேல் என்ற இடத்தில் ஒப்பந்தம் ஆகி, 1974இன் முதல் நாள் இரு தரப்பும் சேர்ந்த முதல் ஆட்சி பதவி ஏற்றது. ஐந்து மாதம் தாங்கவில்லை. யூனியனிஸ்ட் தொழிலாளர் அமைப்பு மின்சாரத்தை நிறுத்தி நடத்திய வேலைநிறுத்தத்தில் அது கவிழ்ந்தது. பிறகு துப்பாக்கிகளின் காலம். இரு தரப்பு ஆயுதக் குழுக்களும் அரசும் கொன்றவர்கள் மொத்தம் 3,500க்கும் மேல்.

முதலில் கேட்ட கேள்விக்கு விடை 1985இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 15 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில், வடக்கின் சிறுபான்மை தொடர்பான விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை டப்ளின் அரசுக்கு பிரிட்டன் முதல்முறையாக ஒப்புக்கொண்டது. பெல்ஃபாஸ்டுக்கு வெளியே மேரிஃபீல்டு என்ற இடத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார ஒரு செயலகம் அமைந்தது. வெளியே யூனியனிஸ்டுகளின் எதிர்ப்புப் போராட்டம், உள்ளே காவலுக்கு நடுவே டப்ளினிலிருந்து முறைவைத்து வந்து தங்கிய வெளியுறவுத் துறை ஊழியர்கள். ஒரு கத்தோலிக்கப் பையனைப் போலீஸ் அடித்தால் அது அவர்கள் மேசைக்கு வரலாம். அந்த மேசைக்கு டாயிலில் பதில் சொல்பவர் வெளியுறவு அமைச்சர். 1923இல் லண்டனில் மூடிய கதவுக்கு 62 ஆண்டு கழித்துத் திறந்த பக்கத்து ஜன்னல் என்று இதைச் சொல்லலாம்.

1998 ஏப்ரல் 10 அன்று வந்த பெரிய வெள்ளி ஒப்பந்தத்தை ஊடகங்கள் சமாதான ஒப்பந்தம் என்று மட்டுமே எழுதுகின்றன. அதன் உள் இயந்திரத்தைத்தான் மாணவர்கள் படிக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தான் யூனியனிஸ்டா, தேசியவாதியா, மற்றவரா என்று பதிவு செய்ய வேண்டும். முக்கிய முடிவுகளுக்கு மொத்தப் பெரும்பான்மை போதாது, இரு தரப்பிலிருந்தும் ஆதரவு வேண்டும். முதல்வரும் துணை முதல்வரும் சம அதிகாரம் உள்ளவர்கள். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் இருக்க முடியாது. நீதித்துறை நீங்கலாக மற்ற அமைச்சகங்கள் இடங்களின் விகிதப்படி ஒரு கணக்குச் சூத்திரத்தால் கட்சிகளுக்குப் போகும். யாரும் யாரிடமும் கெஞ்சி அமைச்சரவையில் இடம் வாங்க வேண்டியதில்லை. கூட்டணிப் பேச்சுவார்த்தையில் ஆதிதிராவிடர் நலத்துறையை மட்டும் நீட்டும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாற்காலியை மட்டும் பங்கிட்டிருந்தால் இந்த ஏற்பாடு நின்றிருக்காது என்பது எங்கள் எண்ணம். ஆள் எடுப்பதில் கை வைத்தார்கள். பழைய போலீஸ் படையில் கத்தோலிக்கர் சுமார் 8 விழுக்காடுதான். பேட்டன் தலைமையிலான ஆணையம் 1999இல் அந்தப் படையின் பெயரையும் சின்னத்தையும் மாற்றச் சொன்னது. தகுதி பெற்றவர்களிலிருந்து பாதிக்குப் பாதி கத்தோலிக்கரை எடுக்க வேண்டும் என்றது. தகுதி செத்துவிட்டது, இது தலைகீழ்ப் பாகுபாடு என்ற கூச்சல் அங்கேயும் எழுந்தது. 2001 முதல் 2011 வரை பத்தே ஆண்டில் பங்கு சுமார் 30 விழுக்காட்டைத் தொட்டது. போதும் என்று விதியை நிறுத்தினார்கள். ஏற்றமும் ஏறக்குறைய அத்தோடு நின்றது.

போலீசுக்கு முன்பே, 1989 சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊழியர் உள்ள தனியார் நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களில் எந்த மதப் பின்னணியினர் எத்தனை பேர் என்று எண்ணி ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். தராவிட்டால் குற்றம். எண்ணிக்கை வந்தால் சமூகம் பிளவுபடும் என்று அங்கே யாரும் கடைசி வரை தப்பிக்க முடியவில்லை.

இயந்திரம் பழுதில்லாதது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒருவர் விலகினால் ஆட்சியே நின்றுவிடும் என்ற விதி 2017 முதல் மூன்று ஆண்டும், 2022 முதல் இரண்டு ஆண்டும் வடக்கை ஆட்சியில்லாமல் போட்டது. 2019 டிசம்பரில் சம்பள சமத்துவம் கேட்டுச் செவிலியர் தெருவில் இறங்கியபோது, பேச்சு நடத்த அமைச்சர் என்று ஒருவர் இல்லை. அந்த ஆண்டுகளில் டாயிலில் மாதம் தவறாமல் ஆட்சி எப்போது திரும்பும் என்ற கேள்வி வந்தது, அமைச்சரும் லண்டனோடு தொடர்பில் இருக்கிறோம் என்று மாதம் தவறாமல் சொன்னார். 2024 பிப்ரவரி 3 அன்று ஆட்சி திரும்பியது. மிஷெல் ஓ'நீல் முதல்வரானார். கத்தோலிக்கர் தலையெடுக்கவே கூடாது என்று எல்லை வரைந்த நிலத்தில், தேசியவாதத் தரப்பின் முதல் முதல்வர்.

டப்ளினைப் புனிதராக்கவும் வேண்டாம். வடக்கின் பாகுபாட்டைப் பற்றிப் பேசிய அந்த வெளியுறவுத் துறையிலேயே, 1973 வரை, திருமணம் செய்துகொண்ட பெண் வேலையை விட்டுப் போக வேண்டும். அரசுப் பணி முழுவதற்கும் இருந்த விதி அது. 1950இல் நெதர்லாந்துக்குப் போன ஜோசஃபின் மக்னீல்தான் அந்நாட்டுத் தூதரகத் தலைமைக்கு வந்த முதல் பெண். அவர் கணவரை இழந்தவர் என்பதைக் கவனியுங்கள். (அவர் கணவர் ஜேம்ஸ் மக்னீல் ஒரு காலத்தில் இங்கே ஐ.சி.எஸ். அதிகாரி. மேற்கிந்தியத் தீவுகளிலும் ஃபிஜியிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நம் மக்களின் நிலையை ஆராய்ந்து, சிமன்லால் என்பவரோடு சேர்ந்து அறிக்கை கொடுத்தவர். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

அந்த நாட்டின் சேரியும் அந்த நாட்டிலேயே இருக்கிறது. டிராவலர்கள் என்று அழைக்கப்படும் நாடோடி மரபினர், 2022 கணக்கெடுப்பில் 32,949 பேர். பள்ளியில், வாடகை வீட்டில், மதுக்கடை வாசலில் ஒதுக்கப்படுகிறவர்கள். அவர்களைத் தனி இனக்குழு என்று அரசு ஒப்புக்கொள்ளவே 2017 ஆயிற்று. எல்லைக்கு வடக்கே உள்ள டிராவலரும் குடியேறியவரும் ஸ்டோர்மோண்ட் பதிவேட்டில் தங்களுக்காகப் பேச ஒருவரைத் தேடினால், மற்றவர் என்ற மூன்றாவது கட்டம்தான். முக்கிய வாக்கெடுப்புகளில் அந்தக் கட்டத்தின் வாக்குக்கு மதிப்புக் குறைவு. இரண்டு பெரிய தரப்புகள் உட்கார்ந்து பங்கு போடும் ஒவ்வொரு மேசையிலும் இது நடக்கிறது. 1916இல் லக்னோவில் காங்கிரசும் முஸ்லிம் லீகும் இடங்களைப் பிரித்துக்கொண்டபோது ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர் அந்தத் தாளில் இல்லை. வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணலும் இரட்டைமலை சீனிவாசனும் போக வேண்டி வந்தது அதனால்தான்.

அண்ணல் அயர்லாந்தைக் கூர்ந்து பார்த்தவர். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை முன்வைத்த உரையில் அந்நாட்டுப் பிரிவினையை நினைவூட்டினார். எந்தப் பாதுகாப்பு வேண்டுமானாலும் தருகிறேன், ஒன்றாக இருப்போம் என்று ஐரிஷ் தலைவர் ரெட்மண்ட் கேட்க, உங்கள் பாதுகாப்பே வேண்டாம், உங்களால் ஆளப்பட விரும்பவில்லை என்று யூனியனிஸ்ட் தலைவர் கார்சன் உதறினார். இந்தியச் சிறுபான்மையினர் எவரும் அப்படிச் சொல்லவில்லை, பெரும்பான்மையின் ஆட்சியை ஏற்று நிற்கிறார்கள், ஆகவே பாகுபாடு காட்டாமல் இருக்கும் பொறுப்பு பெரும்பான்மையுடையது என்று அண்ணல் வாதிட்டார். அன்று பாதுகாப்பை உதறிய கார்சனின் ஆட்கள் பிறகு தங்களிடம் சிக்கிய சிறுபான்மைக்கு என்ன செய்தார்கள் என்பதை டெர்ரியின் வார்டுக் கணக்கில் பார்த்தோம்.

இனி நம் கேள்வி நேரம். 2023இல் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டதால்தான் தெரிந்தது, 2018 முதல் உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 604 நீதிபதிகளில் பட்டியலினத்தவர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர், பொதுப்பிரிவினர் 458 பேர் என்று. கேள்வியின் சொல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கையால் மலம் அள்ளும் தொழிலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்படி இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையில் பதில் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், கழிவுநீர்த் தொட்டிகளையும் சாக்கடைகளையும் சுத்தம் செய்யும்போது ஐந்து ஆண்டில் 340 பேர் இறந்தார்கள் என்று அதே அரசு மக்களவையில் சொல்லியிருந்தது. சட்டத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர். பெயரை மாற்றிக் கேட்டால் பிணங்கள் மறைந்துவிடுகின்றன.

டப்ளின்காரர்கள் வெளியுறவுத் துறையின் பணியிடக் கணக்கைக் கேட்பதைப் பார்த்து எங்கள் வட்டத்தில் ஒரு வரைவு எழுதினோம். தூதர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்றால் கே.ஆர்.நாராயணன் பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள் என்பதால் இப்படி எழுதியிருக்கிறோம்: இந்திய வெளிநாட்டுப் பணியில் தற்போது தூதர், ஹை கமிஷனர், துணைத் தூதரகத் தலைவர் பொறுப்புகளில் உள்ளவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் பட்டியலினத்தவர், பழங்குடியினர் எத்தனை பேர், கடந்த பத்து ஆண்டுகளில் ஆண்டுவாரியாக அந்த எண்ணிக்கை என்ன, ஐ.நா. அமைப்புகளில் இந்தியாவின் சார்பில் அமர்த்தப்பட்டவர்களில் இதே விவரம் என்ன. மக்களவையில் கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நட்சத்திரக் கேள்வியாக இருந்தால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். தங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கொண்டுபோகத் தயாராக உள்ள தோழர்கள் வரைவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அவர் வாங்கிக்கொண்டாரா, என்ன சொன்னார் என்பதை மட்டும் எங்களுக்கு எழுதுங்கள்.